ஆணிக் கணக்கும் சின்னையா அண்ணனும்

கம்பெனி நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டவர்கள் தலைப்பையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டுமான நிறுவனத்தில் நிதி நிர்வாகமும் சரியான முடிவெடுத்தலும். மெர்கோங்கில் இருக்கும் புது ஆபீசுக்கு என்னைக் காரில் அழைத்துப் போய், குளிர் அறையில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு டெண்டருக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று காட்டினார்கள். நான் நாற்பது வருடம் பென்சிலால் செய்த வேலையை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அது செய்து முடித்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையே இல்லை என்று சொன்னால் பொய்.

கணக்குப் பிரிவில் இருக்கும் கோமதி என்ற பெண் ஒன்று கேட்டாள். "அங்கிள், ஒரு வேலை வேணாம்னு நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணுவீங்க? எங்களுக்கு பத்து பெர்சன்ட்டுக்குக் கீழ போனா வேணாம்னு ரூல் இருக்கு லா." அந்த ரூலைப் போட்டதே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் காலத்தில் போட்டேன், அது என்ன செய்தது என்பதும் தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். கேட்ட தலைப்பில்தான் எழுதுகிறேன். மலர்க் குழுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் போடாமல் விட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுங்கைப்பட்டாணியில் பள்ளிப் படிப்பு. ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பலகைக் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். கன அடி கணக்கையும், எண்ணிப் பார்க்காத சாமானுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு அதே ஊரில் வேலாயுதம் கண்ட்ராக்டரிடம் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தேன். தோட்டங்களுக்கு ஆட்கள் குடியிருக்கும் லயன் வீடு, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம், சின்னச் சின்னப் பாலம் கட்டித் தருவது அவர் தொழில். இன்று உங்கள் ஆபீஸ் சுவரில் மாலையோடு இருக்கும் படம் அவருடையது.

படத்தில் கோட்டுப் போட்டிருக்கிறார். அது ஸ்டூடியோக்காரருடைய கோட்டு. நான் பார்த்த முதலாளி அரைக்கைச் சட்டை போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். புது வேலைக்கு இடம் பார்க்கப் போனால் முதலில் செருப்பைக் கழற்றி விட்டு, வெறுங்காலோடு நாலு மூலைக்கும் நடப்பார். மண் எங்கே தாங்கும், எங்கே அமுங்கும் என்று காலுக்குத் தெரியுமாம். நான் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு அஸ்திவாரத்துக்கு இவ்வளவு கல் என்று வந்து நிற்பேன். அவர் நடந்து முடித்தபோதே சொன்ன எண் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எஸ்டிமேட் தயாரானதும் என்னைப் படிக்கச் சொல்வார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்பார். முடித்ததும் லாபம் எவ்வளவு என்று கேட்க மாட்டார். "இதுல யாரு யாரு நிக்கிறா?" என்பார். அந்த வேலையில் எந்தெந்த ஆட்கள் என்று அர்த்தம். நான் பெயர்களைப் படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். சில சமயம் நிறுத்தி, "மாரிய தூரமா அனுப்பாத, அவன் பொண்டாட்டிக்கு இது மாசம்" என்பார். அதற்குப் பிறகுதான் வேலையை எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வார். எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொன்னால் போதாதா, ஆளைப் பெயர் சொல்லி அடுக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரிந்த வயது.

நான் படிக்கும் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் சின்னையா அண்ணன். தச்சு வேலைக்கு அவர்தான் தலை. திகாம் பத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே குடியிருந்தவர். ரப்பர் மரம் சீவும் கத்தியைப் பிடிக்க மனமில்லாமல் உளியைப் பிடித்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் பலகையை அளந்து நோட்டில் எழுதும்போது பின்னால் வந்து நின்று, "கிராணி தம்பி, ஒரு இஞ்சு கூடப் போட்டுக்க, உன் பென்சில் முனை பருமனா இருக்கு" என்பார். மத்தியானம் கொங்சியில், அதாவது வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் தங்கும் கொட்டகையில், என்னுடைய சோற்றுத் தூக்கைத் திறக்காமலே என்ன குழம்பு என்று சொல்லுவார். சொல்லிவிட்டுத் திறந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அவர் எடுப்பார் என்றே அம்மாவிடம் கருவாட்டை இரண்டு துண்டு கூட வைக்கச் சொல்வேன்.

என்னைக் கூப்பிடும்போது 'தம்பி' என்பதன் கடைசியை இழுப்பார். உயரத்தில் கூரைச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் அப்படிக் கூப்பிட்டால் கீழே எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்கச் செய்வதாக யாராவது சொன்னால், என் சேமநிதிப் பணத்தில் பாதியைக் கொடுத்துவிடுவேன். மீதிப் பாதியையும் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர்கள் ஒரு வாரத்தில் காணாமல் போனார்கள். எங்களுக்கு வரவேண்டிய பில்லும் அவர்களோடு போயிற்று. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு வந்தது. அந்த நோட்டில் நாங்கள் எடுத்த முதல் வேலை ஒரு நெல் ஆலைக்குக் கூரை மாற்றுவது. பழைய முறையிலேயே விலை பேசினோம். முன்பணம் கொஞ்சம், மீதி முடிந்த பிறகு. வேலைக்கு ஆறு வாரம் பிடித்தது. மீதிப் பணம் முழுசாக வந்தது, ஒரு காசு குறையவில்லை. ஆனால் விலை பேசிய அன்று அந்தப் பணத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய பலகையில் பாதிகூட அன்று கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் லாபம் இருந்தது, ஸ்டோர் காலியாக இருந்தது. முதலாளி ஸ்டோர் கதவில் சாய்ந்து நின்று, "தம்பி, நாம லாபத்துலயே அழிஞ்சிருவோம் போலிருக்கே" என்றார்.

அந்த நேரத்தில் ஊரில் எதற்கு மதிப்பு இருந்தது என்று யோசித்தேன். கப்பல் வராததால் புது ஆணி வருவது நின்றிருந்தது. பழைய பெட்டி, இடிந்த வீடு எதுவானாலும் ஆணியைப் பிடுங்கி, கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தித்தான் வேலை நடந்தது. அரிசிக் கடைக்காரர் நோட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு அங்குல ஆணியைக் காட்டினால் உட்காரச் சொல்வார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளியில், அதாவது பணத்தில், கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு ஆணியில் எழுத ஆரம்பித்தேன்.

முறையைச் சொல்கிறேன், இதைத்தானே கேட்டீர்கள். சனிக்கிழமை காலையில் ஒரு புகையிலை டப்பாவில் ஆணியைப் போட்டுக்கொண்டு பாசாருக்குப் போவேன். மூன்று கடையில் மட்டும் கேட்பேன், ஒரு கட்டி ஆணிக்கு எவ்வளவு அரிசி தருவீர்கள் என்று. கட்டி என்பது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மூன்று பதிலில் அதிகமானதையும் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வேன். அதை ஆபீஸ் கரும்பலகையில் எழுதுவேன். அடுத்த சனிக்கிழமை வரை அதுதான் விலை. அதை வைத்துக் கூரை வேயும் அத்தாப்பு ஓலை, பலகை, சிமிட்டி, ஆட்களுக்குக் கூலியாக அளக்கும் அரிசி எல்லாவற்றையும் ஆணியாக மாற்றுவேன். எஸ்டிமேட் தாளில் மூன்று பத்தி. போகிற ஆணி, வருகிற ஆணி, மிச்சம். யாராவது நோட்டில் பணம் தருவதாகச் சொன்னால், அது கைக்கு வருகிற நாளில் என்ன மதிப்பு இருக்கும் என்று யூகித்து அதைத்தான் எழுதுவேன். போகிற ஆணியில் பத்தில் ஒரு பங்காவது மிச்சம் வராவிட்டால் வேலை வேண்டாம். கோமதி சொன்ன ரூல் இது.

கணக்கு பலித்தது. பாலிங்கில் ஒரு கடைக்குக் கூரை போட்டு அரிசியாக வாங்கினோம். ஆற்றோரத்தில் ஒரு பாலத்தை என் கணக்குப்படி வேண்டாம் என்று விட்டோம். அதை நோட்டுக்கு எடுத்த வேறொரு கண்ட்ராக்டர் லோரியை விற்கும்படி ஆயிற்று. எங்கள் ஸ்டோர் தரையில் குழி வெட்டி, எண்ணெய் தடவிய ஆணியை மண்ணெண்ணெய் டின்களில் அடைத்துப் புதைத்தோம். "தம்பி, நீ இல்லன்னா நாம எப்பவோ படுத்திருப்போம்" என்று முதலாளி நாலு பேருக்கு முன்னால் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளியும் மாறிப்போனார். எஸ்டிமேட் படிக்கும்போது கண்ணை மூடுவதை விட்டுவிட்டார். "மிச்சம் என்னா?" என்று நேராகக் கேட்க ஆரம்பித்தார். 'யாரு யாரு நிக்கிறா' என்று கேட்பதை எந்த நாளில் விட்டார் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பெயர்ப் பட்டியல் எழுதுகிற வேலை மிச்சம் என்று நான் நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் திகாம் பத்து ரோட்டோரம் ராணுவத்துக்குக் கிடங்கு கட்டும் வேலை வந்தது. நம்மவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவர் சைக்கிளில் ஆபீசுக்கு வந்து விவரம் சொன்னார். அறுபது அடி நீளம், பலகைச் சுவர், தகரக் கூரை. பலகையும் தகரமும் அவர்கள் தருவார்கள். ஆணியும் ஆளும் எங்களுடையது. பணம் வேலை முடிந்த பிறகு, நோட்டில்.

"ஆளுங்களுக்கு அரிசி?" என்று கேட்டேன்.

"அது உங்க பாடு." எழுந்தவர் வாசலில் நின்று முதலாளியைப் பார்த்து, "வேலையில நிக்கிறவங்களுக்குப் பேர் எழுதி முத்திரை குத்திச் சீட்டு குடுப்பாங்க. அதையும் மனசுல வச்சுக்குங்க" என்றார்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எல்லா கோப்பிக் கடையிலும் இருந்தது. நாளுக்கு இவ்வளவு சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி, தானாகவே ஏறிப் போனவர்கள் உண்டு. கட்டாயமாகப் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார்கள், ஆனால் அது தெற்கே எங்கோ நடப்பதாகத்தான் எங்கள் காதில் விழுந்தது. ராணுவ வேலைச் சீட்டு வைத்திருந்தால் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இந்த வயதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆணி, பதினோரு ஆள், ஐந்து வாரத்து அரிசி, வேலை முடியும்போது நோட்டு எவ்வளவு விழுந்திருக்கும் என்ற யூகம். கூட்டிப் பார்த்தால் முன்னூறு கட்டி நஷ்டம் வந்தது. தாளின் ஓரத்தில் 'சீட்டு, பதினொன்று' என்று குறித்தேன். அது போகிற பத்தியா, வருகிற பத்தியா என்று தெரியவில்லை. பாசாரில் அதற்கு ஒரு விலை கிடையாது. எதிரே ஒரு கோடு இழுத்து விட்டேன்.

முதலாளியிடம் படித்தேன்.

"முன்னூறா?" என்றார்.

"முன்னூறு, முதலாளி. பொதைச்சு வச்சிருக்கிறதுல பாதி. ஆணி இல்லன்னு சொல்லிட்டா அவங்க அடுத்த ஆளத் தேடிப் போயிருவாங்க."

"அப்ப நம்ம ஆளுங்க?"

"ஒரு மாசம் வீட்ல இருக்கட்டும். பாலிங்குல அரிசி ஆலை வேலை வருது, அதுக்குக் கூப்பிட்டுக்கலாம். சும்மா ஒக்கார வச்சு அரிசி அளக்க முடியாது."

முதலாளி மேசைக்கடியில் காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து, சிமிட்டித் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால் அரிக்கிறது போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் கொங்சிக்குப் போய் ஆட்களிடம் நானே சொன்னேன். மாரியும் மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். சின்னையா அண்ணன் உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளு தம்பி?"

"ஒரு மாசம்ணே. பாலிங் வேல ஆரம்பிச்சதும் ஆள் அனுப்புறேன். தோட்டத்துலேயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. கூப்பிட்ட அன்னிக்கு ஆள் இல்லன்னா வேற ஆளப் போடும்படி ஆயிரும்."

"என் எடத்துல வேற ஆளா? எவன்டா அவன்?" என்று சிரித்தார். "நான் எங்க போறேன் லா. வாசல்லயே ஒக்காந்திருப்பேன். நீ கணக்குல மட்டும் என்னை விட்டுடாத."

எங்கள் தொழிலில் அது வழக்கமான பேச்சு. வேலை இல்லாத நாளில் ஆளை நிறுத்தி வைக்கும் எல்லாக் கிராணிகளும் அதைத்தான் சொல்வார்கள். நல்ல ஆள் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்வது. அன்பாகத்தான் சொன்னேன். அவரை இழந்துவிடக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் கோப்பிக் கடையில் ஒருவர் சொன்னார், திகாம் பத்துப் பக்கத்துத் தோட்டங்களில் லோரி வந்து ஆட்களை ஏற்றிப் போய்விட்டதாக. சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். வழியில் அந்தக் கிடங்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வேறொரு கண்ட்ராக்டரின் ஆட்கள் கூரையில் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு மடித்துச் செருகியிருந்தது.

தோட்டத்தில் விவரம் சொன்னார்கள். இத்தனை தலை வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் உள்ளவர்களைத் தோட்டத்துக் கிராணி முடிந்தவரை மறைத்துப் பார்த்தார். வெளியில் வேலை செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவர்களுக்குச் செக்ரோலும் இல்லை, சீட்டும் இல்லை. முதலில் அவர்கள்தான். எங்கள் பதினோரு பேரில் மூன்று பேர் முதல் நாளே செய்தி தெரிந்து காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். எட்டு பேரை ஏற்றிவிட்டார்கள்.

சின்னையா அண்ணனின் மனைவி பவுனம்மா அக்கா லயன் வாசலில் நின்றிருந்தார். உள்ளே அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. "மூணு மாசம்னு சொல்றாங்க தம்பி" என்றார். அழவில்லை. "வந்துருவாருல்ல?" என்று மட்டும் கேட்டார். வந்துவிடுவார் என்று சொன்னேன். திரும்பி வரும்போது அந்தக் கிடங்கைப் பார்க்கக்கூடாது என்று செம்மண் பாதையில் சுற்றி வந்தேன்.

ஆபீசில் முதலாளியிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து, பழைய மாதிரி கண்ணை மூடி, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "பேர் சொல்லு" என்றார். எட்டுப் பெயரையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். முடித்ததும், "இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

பாலிங் வேலை தொடங்கிய அன்று பவுனம்மா அக்கா உளிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அவரு எடத்துக்கு நான் வந்திருக்கேன்" என்றார். தச்சு வேலை தெரியாது. ஆணி நிமிர்த்துவேன், பலகை தூக்குவேன் என்றார். நான் ஆள் புத்தகத்தில் அவர் பெயரை எழுதப் போனேன். "அவரு பேர எடுத்துடாதீங்க தம்பி" என்றார். முதலாளியைப் பார்த்தேன். "சின்னையா பேரு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல இந்தப் பொண்ணு பேர எழுது. சின்னையா கூலியையே அள" என்றார். வயிற்றுப் பாட்டுக்கு வந்திருக்கிறார், பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சமாதானம் வந்த அன்று வாழைமர நோட்டு குப்பையாயிற்று. எத்தனையோ பேர் சாக்கு சாக்காக வைத்திருந்து ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனார்கள். எங்களிடம் நோட்டு இல்லை. தரைக்கடியில் டின் டின்னாக ஆணி இருந்தது. தோட்டங்கள் திறந்தன, லயன்கள் எல்லாம் இற்றுக் கிடந்தன, ஊர் முழுக்கக் கட்டட வேலை. அந்தப் பக்கத்தில் உடனே வேலையைத் தொடங்க முடிந்தது எங்களால் மட்டும்தான். அந்த ஆணியில்தான் இந்தக் கம்பெனி எழுந்தது. நான் அன்று மிச்சப்படுத்திய முன்னூறு கட்டியும் அதில் இருந்தது. கம்பெனியின் வெற்றிக் கதையை எழுதச் சொன்னீர்கள், இதுதான் அது.

எட்டு பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவன் மாரி. எலும்பும் தோலுமாக ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தான். ஒரு முகாமில் சின்னையா அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்ததையும், தன்னை அடுத்த முகாமுக்கு நடத்திக் கூட்டிப் போய்விட்டதையும் சொன்னான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. முடிவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இதை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"லோரி வருதுன்னதும் நாங்க ஓடலாம்னோம் கிராணி. எனக்குக் கால்ல புண்ணு, முடியல. அவருக்கு என்ன, நல்லாத்தானே இருந்தாரு. கிராணி தம்பி ஆள் அனுப்புவாரு, நான் இல்லன்னா எடம் போயிரும்னு வாசல்லயே ஒக்காந்துட்டாரு. அங்க போயும் அதான். தம்பி கணக்குல என் பேரு இருக்குடான்னுவாரு."

மாரி இதை என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நல்ல விஷயம் சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

நான் முதலாளியிடம் போய் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "உன் கணக்கு தப்பில்ல. இன்னிக்குப் போட்டாலும் முன்னூறுதான் வரும்" என்றார். "நான் ஒரு கேள்வி கேப்பேன்ல, அத அன்னிக்குக் கேக்காம விட்டது நானு. நீ போயிட்டா நான் யார்கிட்ட இனிமே அதக் கேக்கறது?" அன்றிலிருந்து எஸ்டிமேட் தாளில் முதல் பக்கம் பெயர்கள். தொகை அடுத்த பக்கம்தான். அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன வேலைகளையும் சில வருடங்களில் எடுத்திருக்கிறேன், டைரக்டர்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் அந்த முதல் பக்கம் இல்லை. சேர்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது என்று நினைக்கிறேன்.

ஆனால் பக்கத்தை மாற்றியதால் மனம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்னூறு கட்டி ஆணி போயிருக்கலாம். அறுநூறும் போயிருக்கலாம். அவர் இருந்திருப்பார். எனக்கு முன்னால் கிழவராகியிருப்பார், பல் போயிருக்கும், கோப்பிக் கடையில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு என் கண்ணாடியைக் கேலி செய்திருப்பார். கல்யாணம், குழந்தை, வீடு எல்லாம் எனக்கு நல்லபடியாக அமைந்தது. ஒவ்வொன்றிலும் இவர் இருந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே என்று தோன்றும். இன்றும் தோன்றுகிறது.

பவுனம்மா அக்கா எங்களிடமே முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். ஆணி நிமிர்த்தத் தொடங்கியவர் சித்தாட்களுக்குத் தலைவியாகி, கடைசியில் ஸ்டோர் சாவியை வைத்திருந்தார். சேமநிதிக் கணக்கு அவர் பெயரில் இருந்தாலும், எங்கள் ஆள் புத்தகத்தில் மட்டும் 'சின்னையா', பக்கத்தில் 'பவுனம்மா' என்றே இருந்தது. வருகிற ஆடிட்டர் ஒவ்வொருவரும் இது என்ன என்று கேட்பார். எழுத்துப் பிழை, அடுத்த வருடம் திருத்திவிடுகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். அண்ணன் ஏன் ஓடவில்லை என்று மாரி என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தினம் பார்க்கிற முகம். சொல்லிவிட்டால் பிறகு எப்படிப் பார்ப்பது என்று பயம்.

வயதாகி அவர் வேலையை விட்ட அன்று, கடைசிச் சம்பளம் வாங்க ஆபீசுக்கு வந்தார். கையெழுத்துப் போடப் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். அப்போது சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எடத்த விட்டு நகராதீங்கன்னு அவருகிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும் தம்பி" என்றார். "பின்பக்கமா ஓடுங்கன்னு நானும்தான் கெஞ்சினேன். கேக்கல. லோரியில ஏறும்போது, தம்பி ஆள் அனுப்பினா நீ போயி நில்லு, நான் வர்ற வரைக்கும் எடத்த விட்டுடாதன்னு சொல்லிட்டுப் போனாரு."

சம்பளப் பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டார். தன் பெயரை மெதுவாக எழுதினார். அதற்கு முன்னால் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"ரொம்ப நாளு நின்னுட்டேன் தம்பி, முட்டி வலிக்குது. இனிமே அவரு எடத்துல வேற ஆளப் போட்டுக்குங்க."